மூளைத் தழும்புகளை வாசித்த வரலாறு



வரலாறு என்றவுடன் நம் உள்ளம் அரசர்களையும் போர்களையும் நாடிச் செல்வது இயல்பு. ஆயினும், மனிதன் தன் உடலின் உள்ளே நிகழ்வனவற்றைக் கண்ணாற் காண முயன்ற வரலாறும் ஒன்று உண்டு. கொடியும் முரசும் அங்கு இல்லை. எனினும் அதன் பயனைப் பெறாத குடும்பம் இன்று உலகில் இல்லை எனலாம். அவ்வரலாற்றின் ஒரு பகுதியை இப்பொழுது எடுத்துரைக்க விரும்புகின்றேன். மூளையிலும் முண்ணாணிலும் தழும்புகளை உண்டாக்கும் மல்ரிப்பிள் ஸ்கிளரோசிஸ் என்னும் நோயை மருத்துவ உலகம் எவ்வாறு அறிந்துகொண்டது, அந்நோயுடன் வாழ்வோர் தம் கையிற் பெறும் எம். ஆர். ஐ. படத்தையும் அறிக்கையையும் எவ்வாறு விளங்கிக்கொள்ள வேண்டும் என்பனவே இப்பேச்சின் பொருள்.

கலைப் பட்டதாரியான பள்ளி அதிபர் ஒருவருக்கு மருத்துவத்தில் என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். நெல்லியடி போன்ற ஊர்களில், ஆங்கிலத்தில் வந்த கடிதத்தைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்து பொருள் கேட்பது பழைய வழக்கம். முன்னாளில் தந்தியும் ஓய்வூதியக் கடிதமும் வந்தன. இந்நாளில் வைத்தியசாலை அறிக்கைகளும் வருகின்றன. "இதிலை என்ன எழுதியிருக்கு, சேர்?" என்று கேட்பவர் மொழிபெயர்ப்பை மட்டும் கேட்கவில்லை, தம் எதிர்காலத்தையே கேட்கின்றார். 'மூளையிற் பல இடங்களிற் சேதங்கள் காணப்படுகின்றன' என்று அறிக்கையின் சொல்லைத் தமிழாக்குவது எளிது. அவ்வொரு வாக்கியம் கேட்பவரின் உள்ளத்தில் எத்தனை இருளைக் கொண்டுவருமென்பதை அறிந்தவர் அதனோடு நிறுத்திக்கொள்ளமாட்டார்.

நோய்க்கு மருந்து கூறுவது மருத்துவரின் பணி. ஆனால் ஒரு சான்றை வாசிப்பது எப்படி என்பது வரலாறு கற்பிப்போருக்குப் பழகிய காரியம். கல்வெட்டொன்று கிடைத்தால் அது எங்கே இருந்தது, எக்காலத்தது, வேறு சான்றுகளோடு பொருந்துகின்றதா, அது கூறாமல் விட்டது யாது என்று நாம் கேட்கின்றோம். மூளைப் படமும் அவ்வாறான சான்றே என்பதையும், அதனைத் தனியே வைத்து வாசிக்கலாகாது என்பதையும் இந்நோயின் வரலாறே நமக்குக் கற்பிக்கின்றது.

முதலில் நோயின் தன்மையைச் சுருக்கமாகக் கூறுவேன். நம் நரம்பிழைகளின் மேல் மயலின் எனப்படும் கொழுப்புச் சார்ந்த உறையொன்று உண்டு. மின்கம்பியின் மேலுள்ள உறையை ஒப்ப, அது செய்தியை விரைவாகவும் சிதையாமலும் கொண்டு செல்ல உதவுகின்றது. உடலைக் காக்கவேண்டிய நோய் எதிர்ப்பு ஆற்றல் திசைமாறி, அவ்வுறையையே தாக்குவது இந்நோயின் இயல்பு. தாக்குண்ட இடம் வீங்கும். சிலவேளை ஓரளவு ஆறும். பின்னர் தழும்பேறித் தடிக்கும். 'ஸ்கிளரோசிஸ்' என்னும் சொல்லுக்குத் தடித்து வன்மையடைதல் என்பதே பொருள். தழும்பு பார்வை நரம்பில் விழுந்தால் கண் மங்கும். முண்ணாணில் விழுந்தால் கால் தளரும், சிறுநீர்க் கட்டுப்பாடு குறையும். சிறுமூளையில் விழுந்தால் நடை தள்ளாடும். பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையிலேயே இந்நோய் தோன்றுகின்றது. ஆண்களைவிடப் பெண்களே மிகுதியாக இதற்கு ஆளாகின்றனர்.

இந்நோயைப் பற்றிய மிகப் பழைய விரிவான சான்றுகளுள் ஒன்று நோயாளி ஒருவரின் நாட்குறிப்பாகும். இங்கிலாந்தின் மூன்றாம் ஜோர்ஜ் மன்னனின் பேரனான ஓகஸ்ரஸ் டெஸ்தே என்பவர் 1794இற் பிறந்தவர். 1822இல், தாம் தந்தையைப்போல் நேசித்த உறவினர் ஒருவரைக் காண ஸ்கொத்லாந்து சென்றார். அவர் சென்றடையுமுன் உறவினர் இறந்துவிட்டார். இறுதிச் சடங்கு முடிந்த சில நாட்களில் டெஸ்தேயின் கண்கள் மங்கின. தமக்கு வந்த கடிதங்களைப் பிறரைக்கொண்டு வாசிப்பித்தார். சிறிது காலத்திற் பார்வை தானாகவே மீண்டது. சில ஆண்டுகளின் பின் மீண்டும் கண்ணிற் குறை தோன்றியது, பின்னர் கால்கள் வலுவிழந்தன, உணர்வு மரத்தது. இவ்வாறு நோய் வருவதும் தணிவதும் மீண்டும் வருவதுமாக இருந்ததை அவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் எழுதிவைத்தார். 1848இல் அவர் இறந்தார். சரியாக நூறு ஆண்டுகளின் பின், 1948இல், அக்குறிப்புகள் நூல் வடிவிற் பதிப்பிக்கப்பெற்றன. டெஸ்தேக்குத் தம் நோயின் பெயர் தெரியாது. அவருக்கு வைத்தியம் செய்தவர்களுக்கும் தெரியாது. அவருடைய மூளையை எவரும் கண்டதில்லை. எனினும் நாள், இடம், உறுப்பு ஆகியவற்றைப் பிழையின்றிக் குறித்துவைத்தமையால், இன்று அதனை வாசிக்கும் மருத்துவர் நோயை இனங்காண்கின்றனர்.

டெஸ்தே உயிரோடு இருந்த காலத்திலேயே, வேறு சிலர் இறந்தோரின் உடலில் இதே நோயைக் கண்டுகொண்டிருந்தனர். ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த றொபேட் கார்ஸ்வெல் என்பவர் மருத்துவர் மட்டுமல்லர், தேர்ந்த ஓவியருமாவார். 1838இல் வெளிவந்த அவருடைய நோய்ப் பட நூலில், முண்ணாணில் அங்கங்கே திட்டுத் திட்டாக நிறம் மாறிய சேதங்கள் வரையப்பட்டுள்ளன. ஆனால் அந்நோயாளர்களை அவர் உயிருடன் கண்டதில்லை. பாரிசு நகரத்துக் குருவேயே என்பாரும் அக்காலத்தில் அத்தகைய படங்களை வெளியிட்டார். அவர் நோயாளி ஒருவரின் வாழ்நாட் குறிகளையும் சேர்த்து எழுதினார். ஒருபுறம் தழும்பைக் காணாது துன்பத்தை எழுதியவர். மறுபுறம் துன்பத்தைக் காணாது தழும்பை வரைந்தவர். இவ்விரண்டு சான்றுகளும் ஒன்றையொன்று சந்திக்க மேலும் முப்பது ஆண்டுகள் சென்றன.

அவற்றைச் சந்திக்கச் செய்தவர் ஜீன் மார்ட்டின் ஷார்க்கோ. பாரிசிலுள்ள சால்பெத்ரியே மருத்துவமனை, நெடுநாள் நோயுற்ற ஏழைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் தங்கியிருந்த இடம். அங்கே ஷார்க்கோ, நோயாளியை உயிருள்ள காலத்தில் ஆண்டுக்கணக்கிற் கவனித்து, அவருடைய கண்ணின் அசைவையும் கையின் நடுக்கத்தையும் பேச்சின் தடுமாற்றத்தையும் எழுதிவைத்து, இறந்தபின் மூளையையும் முண்ணாணையும் ஆராய்ந்து, முன்னைய குறிப்போடு ஒப்புநோக்கினார். 1868இல் அவர் ஆற்றிய விரிவுரைகளில் இந்நோய் தனியொரு நோயாக நிலைநாட்டப்பெற்றது. ஷார்க்கோவின் முறையில் ஒரு குறை இருந்தது. தழும்பைக் காண்பதற்கு நோயாளி இறக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இவ்விடத்தில் நம் யாழ்ப்பாணத்தை நினைவுகூர்தல் பொருத்தமாகும். ஷார்க்கோ பாரிசில் இந்நோயை விளக்கிய அதே காலத்தில், மானிப்பாயில் மேனாட்டு மருத்துவம் தமிழிற் கற்பிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. அமெரிக்க மருத்துவராகிய சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தவர். தொடக்கத்தில் ஆங்கிலத்தில் மருத்துவம் கற்பித்த அவர், 1860களில் தமிழையே போதனா மொழியாக்கினார். தம் மாணாக்கரின் துணைகொண்டு மருத்துவ நூல்களைத் தமிழிற் பெயர்த்தார். உடலமைப்பைக் கூறும் பெருநூல் 'மனுஷ அங்காதிபாதம்' என்னும் பெயரில் 1872இல் வெளிவந்தது. உடலின் தொழிற்பாட்டைக் கூறும் அறிவுக்கு அவர் வழங்கிய பெயர் 'சுகரணம்'. அறுவைச் சிகிச்சைக்கு 'இரண வைத்தியம்'. கலைச்சொல் வேண்டியபோது முதலில் தமிழிலும், அங்கே இல்லாதபோது வடமொழியிலும் தேடி, இரண்டிலும் அகப்படாதபோதே ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கு இணங்க எழுதிக்கொண்டார். 1873இல் தாயகம் திரும்பி, 1884இல் மசாச்சுசெற்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரிற் காலமானார். தம் கல்லறையில் தமிழருக்குத் தாம் ஆற்றிய மருத்துவப் பணியைப் பொறிக்க வேண்டுமென்பது அவருடைய விருப்பமாக இருந்தது.

கிறீன் வைத்தியர் இந்நோயைக் கண்டார் என்று நான் கூறவரவில்லை. தன் உடலைப்பற்றிய அறிவைத் தன் மொழியிற் பெறுதல் ஒருவருடைய உரிமை என்னும் கருத்து இம்மண்ணுக்குப் புதிதன்று என்பதையே கூறுகின்றேன். 150 ஆண்டுகளுக்கு முன்னர் மூளையின் அமைப்பைத் தமிழில் விளக்க முடிந்ததெனின், இன்று மூளைப் படத்தின் அறிக்கையைத் தமிழில் விளக்குவதற்கு மொழி தடையாகாது.

மீண்டும் மேனாட்டுக்குச் செல்வோம். 1895இல் றொன்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். உயிருள்ள உடலின் எலும்பு கண்ணுக்குப் புலனாயிற்று. மண்டையோட்டினுள் இருக்கும் மெல்லிய மூளையோ புலனாகவில்லை. 1916இல் எடின்பேர்க் நகரில் ஜேம்ஸ் டோசன் இந்நோயாளரின் மூளைகளை நுண்ணோக்கியால் ஆராய்ந்து, மூளையின் உள்ளறைகளைச் சூழ்ந்து, சிறு நாளங்களின் வழியே விரல்கள் நீண்டதுபோலத் தழும்புகள் அமைந்திருப்பதை விளக்கினார். இன்றும் அறிக்கைகளில் 'டோசனின் விரல்கள்' என்னும் தொடர் வருவதுண்டு. அதனை வாசித்து எவரும் திகைக்க வேண்டியதில்லை. 1918இல் வோல்டர் டான்டி என்னும் அமெரிக்கர் மூளையறைகளிற் காற்றைச் செலுத்திப் படம் பிடித்தார். அது நோயாளிக்குப் பெருந்துன்பம் தந்த முறை. 1971இல் இங்கிலாந்தில் ஹவுன்ஸ்பீல்ட் என்னும் பொறியியலாளர் அமைத்த சி. ரி. கருவி முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையைக் குறுக்குவெட்டாகக் காட்டியது. குருதிக் கசிவையும் கட்டியையும் அது நன்கு காட்டிற்று. மயலின் தழும்புகளையோ அரிதாகவே காட்டிற்று.

நம் நாடுகளில் நரம்பியல் தனித்துறையாக வளரத் தொடங்கியது இந்த இடைக்காலத்திலேதான். 1949இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் யாக்கோபு சாண்டியும், 1950இற் சென்னைப் பொது மருத்துவமனையில் பி. இராமமூர்த்தியும் நரம்பறுவைத் துறைகளைத் தொடங்கினர். மல்ரிப்பிள் ஸ்கிளரோசிஸ் குளிர்நாட்டாரின் நோய், வெப்ப நாடுகளில் மிக அரிது என்னும் கருத்து அக்காலத்தில் வேரூன்றியிருந்தது. அரிது என்பது உண்மையே. ஆயினும், காணும் கருவி இல்லாத இடத்தில் நோயும் இல்லாததுபோலத் தோன்றும் என்பதையும் மறத்தலாகாது.

அக்கருவி எவ்வாறு தோன்றியது? 1946இல் புளொக், பேர்செல் என்னும் இரு பௌதிக அறிஞர்கள், காந்தப் புலத்தில் வைக்கப்பட்ட அணுக்கருக்கள் குறித்த அலைவரிசையுடைய வானொலி அலைக்குப் பரிவு காட்டுவதைத் தனித்தனியே கண்டறிந்தனர். 1973இற் போல் லோட்டர்பர் அப்பரிவைக்கொண்டு படம் அமைக்கலாமென்று காட்டினார். பீற்றர் மான்ஸ்பீல்ட் அம்முறையை விரைவுபடுத்தினார். இருவருக்கும் 2003இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

வானொலி நேயர்களாகிய உங்களுக்கு இதன் அடிப்படையை விளக்குவது எளிது. நம் உடலிற் பெரும்பகுதி நீர்; நீரின் ஒவ்வொரு மூலக்கூறிலும் ஐதரசன் உண்டு. எம். ஆர். ஐ. கருவியின் பெருங்காந்தம், பூமியின் காந்தத்தைப்போல முப்பதாயிரம் மடங்குக்கு மேற்பட்ட வலிமையுடையது. அதனுள் ஐதரசன் கருக்கள் ஓர் ஒழுங்குக்கு வருகின்றன. வானொலி அலையொன்று அவற்றைத் தட்டியெழுப்புகின்றது. அலை நின்றதும் அவை தம் பழைய நிலைக்குத் திரும்பும்போது மெல்லிய வானொலிக் குறிப்பொன்றை வெளிவிடுகின்றன. வழக்கமான 1.5 ரெஸ்லா கருவியில் இவ்வலை ஏறக்குறைய 64 மெகாஹேர்ட்ஸ்; அதாவது, நீங்கள் பண்பலையிற் கேட்கும் 88 முதல் 108 வரையான வரிசைக்குச் சற்றுக் கீழே உள்ளது. எனவே எம். ஆர். ஐ. படம் எடுப்பதை, உடலிலுள்ள நீர் பேசும் வானொலியைக் கேட்பது எனலாம். எக்ஸ் கதிரின் கேடு இதில் இல்லை.

1981இல் இலண்டன் ஹமர்சிமித் மருத்துவமனையைச் சேர்ந்த குழுவினர், இந்நோயுடைய பத்துப் பேரை இருவகைக் கருவியாலும் படம் பிடித்து ஒப்பிட்டனர். சி. ரி. படங்களிற் புலப்பட்ட தழும்புகள் 19. புதிய காந்தப் படங்கள் அவற்றைக் காட்டியதோடு மேலும் 112 தழும்புகளையும் காட்டின. நேயர்களே, ஷார்க்கோ இறப்பின் பின்னர் மட்டுமே கண்டதை, நடந்து வந்து மேசையிற் படுத்து எழுந்து செல்லும் மனிதரிடத்தில் மருத்துவர் முதன்முறையாகக் கண்ட நாள் அது.

அதன்பின் காரியங்கள் விரைந்து நடந்தன. கடோலினியம் என்னும் உலோகம் சேர்ந்த மருந்தை நாளத்திற் செலுத்திப் படம் எடுத்தால், அண்மையில் தோன்றி இன்னும் அழற்சியோடு இருக்கும் தழும்பு மட்டும் ஒளிர்வதை 1980களில் அறிந்தனர். நோயாளி ஒருமுறை துன்பத்தை உணரும் காலத்தினுள், அவர் உணராமலே பல புதிய தழும்புகள் தோன்றி மறைவதும் தெரியவந்தது. 1993இல் அமெரிக்காவில் இன்ரபெரோன் மருந்து ஏற்கப்பட்டபோது, அதனைப் பெற்றோரின் படங்களிற் புதிய தழும்புகள் குறைந்திருந்தமையும் முக்கிய சான்றாயிற்று. 2001இல், நியூசிலாந்திற் பிறந்து இலண்டனிற் பணியாற்றிய இயன் மக்டொனால்ட் தலைமையிற் கூடிய அறிஞர், நோயை உறுதிசெய்யும் விதிகளில் எம். ஆர். ஐ. படத்துக்கு உரிய இடத்தை வகுத்தனர். அவ்விதிகள் 2005, 2010, 2017 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பெற்றன. 2024ஆம் ஆண்டுத் திருத்தம் 2025இல் வெளியாயிற்று.

அவ்விதிகளின் உள்ளீடு வரலாற்றாசிரியர் எவரும் விளங்கிக்கொள்ளக்கூடியது: இடத்தாற் பரந்திருத்தல், காலத்தாற் பரந்திருத்தல் என்பனவே அவை. ஒரே இடத்தில் ஒரே தடவை தோன்றிய சேதம் வேறொரு நோயாகவும் இருக்கலாம். மூளையறைகளின் ஓரம், மூளையின் மேற்புறணி, மூளையின் அடிப்பகுதி, முண்ணாண் என்னும் இடங்களுட் குறைந்தது இரண்டில் தழும்பு இருக்கின்றதா என்று பார்க்கின்றனர். அண்மைத் திருத்தம் பார்வை நரம்பையும் அவ்விடங்களுள் ஒன்றாகச் சேர்த்துள்ளது. பழைய தழும்பும் புதிய தழும்பும் ஒருங்கே இருக்கின்றனவா, அல்லது பின்னர் எடுத்த படத்திற் புதியது தோன்றியுள்ளதா என்பது காலத்தைப்பற்றிய கேள்வி. காலத்தைப் படத்தால் நிறுவ முடியாதபோது முதுகிலிருந்து எடுக்கும் நீரின் சோதனை துணைநிற்கும். இவை பெரும்பாலும் நோயின் குறி உடையவரிடத்திலேயே செல்லும். வெறும் படத்தை மட்டும் கொண்டு நோய்ப் பெயர் சூட்டுதல் பொதுவாக முறையன்று.

இனி, கையிலுள்ள அறிக்கையை நோக்குவோம். அதில் 'ரி-2' என்றும் 'பிளெயர்' என்றும் வருவன படம் எடுக்கும் முறைகளின் பெயர்கள். நோயின் பெயர்கள் அல்ல. அவற்றிலே தழும்புகள் வெண்மையாகத் தோன்றும். 'ரி-1' முறையில் நிலையாகக் கருமையாகத் தோன்றும் இடம், அங்கே நரம்பிழைகளும் ஆழமாகச் சேதமுற்றிருப்பதைக் குறிக்கலாம். கடோலினியம் ஏற்றியபின் 'ஒளிர்கின்றது' என்று எழுதப்பட்டால் அத்தழும்பு அண்மைக்காலத்தது. அவ்வொளிர்வு பொதுவாகச் சில வாரங்களே நீடிக்கும். 'ஒளிரவில்லை' என்பது நோய் இல்லை என்று பொருள்படாது. அந்நாளில் அவ்விடத்திற் புதிய அழற்சி காணப்படவில்லை என்பதே பொருள். 'முன்னைய படத்தோடு ஒப்பிடுகையில் மாற்றமில்லை' என்று இருக்குமாயின், சிகிச்சை பெறுபவர் மகிழ்வதற்குரிய வாக்கியம் அதுவே. பலர் அதனைக் கடந்துசென்று, 'பல வெண்புள்ளிகள் உள்ளன' என்னும் பழைய செய்தியிலேயே கண்ணை நிறுத்தி வருந்துகின்றனர்.

வெண்புள்ளி யாவும் இந்நோயின் தழும்பு என்று எண்ணுதலும் கூடாது. முதுமை, உயர் குருதியழுத்தம், நீரிழிவு, ஒற்றைத் தலைவலி ஆகியவற்றாலும் மூளைப் படத்தில் வெண்புள்ளிகள் தோன்றுவதுண்டு. புள்ளியின் வடிவம், இடம், எண்ணிக்கை ஆகியவற்றைப் பயின்ற கண்ணே வேறுபடுத்திக் காணவல்லது.

அனைத்திலும் முதன்மையான உண்மையொன்றை இங்கே கூறவேண்டும். படத்திலுள்ள புள்ளிகளின் எண்ணிக்கையும் மனிதரின் இயலாமையும் ஒன்றோடொன்று நேராகப் பொருந்துவதில்லை. நிறைந்த தழும்புகளோடு நன்றாக நடந்து, தொழில் செய்து, பிள்ளைகளை வளர்ப்போர் உளர். சில தழும்புகளே இருந்தும், அவற்றுள் ஒன்று முண்ணாணில் நெருக்கமான இடத்தில் விழுந்தமையால் நடை தளர்ந்தோரும் உளர். குளக்கட்டில் ஏற்படும் சிறு உடைப்பு ஊரையே பாதிக்கலாம். பரந்த வயல்வெளியில் ஏற்படும் பெரிய பள்ளம் எவருக்கும் இடையூறு செய்யாமல் இருக்கலாம். எங்கே விழுந்தது என்பதும், எத்துணை ஆழமாகச் சேதம் செய்தது என்பதும், மூளை வேறுவழி தேடிக்கொண்டதா என்பதும் எண்ணிக்கையிலும் மேலானவை. இம்முரண்பாட்டை ஆய்வாளர் இருபதாண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்து வருகின்றனர். ஆகையால் அறிக்கையிலுள்ள எண்ணை வைத்து ஒருவரின் வாழ்நாளைக் கணித்தல், கல்வெட்டொன்றின் வரிகளை எண்ணி அரசனின் ஆட்சிக்காலத்தைக் கூறுவதை ஒக்கும்.

இதனாற் படம் பயனற்றது என்று முடிவுசெய்தலும் தவறு. உடல் நலமாக இருக்கும்போதே உள்ளே புதிய தழும்பு தோன்றுவதைக் காட்டும் சான்று வேறு இல்லை. தற்போதைய மருந்து போதுமா, மாற்றவேண்டுமா என்பதை முடிவுசெய்வதற்கு, சிகிச்சை தொடங்கிய சில மாதங்களில் ஒரு படமும், பின்னர் ஏறக்குறைய ஆண்டுக்கொரு படமும் எடுத்து ஒப்பிடுவது இன்றைய வழக்கம். 'எனக்கு இப்போது ஒரு வருத்தமும் இல்லை, படம் எதற்கு?' என்று கைவிடுவோர், உள்ளே நிகழ்வதை அறியும் வாயிலை மூடிவிடுகின்றனர்.

நம் நாட்டவர் கருத்தில் வைக்கவேண்டியவை இரண்டு உண்டு. முதலாவது, பார்வை நரம்பையும் முண்ணாணையும் தாக்கும் வேறொரு நோய் பற்றியது. பிரான்சின் லியோன் நகரத்து டெவிக் என்பவர் 1894இல் அதனை விவரித்தார். நெடுங்காலம் அது மல்ரிப்பிள் ஸ்கிளரோசிஸ் நோயின் ஒரு வகையென்றே கருதப்பட்டது. 2004இல் அதற்குரிய எதிர்ப்பொருள் குருதியிற் கண்டறியப்பட்டபின் அது தனி நோயென்று தெளிவாயிற்று. அந்நோயில் முண்ணாணின் தழும்பு மூன்று முள்ளெலும்புகளின் நீளத்துக்கும் மேலாக நீண்டிருப்பது வழக்கம். மூளைப் படமோ தொடக்கத்திற் பெரிதும் தெளிவாக இருக்கலாம். ஒன்றுக்குரிய மருந்துகளுட் சில மற்றொன்றில் தீங்கு செய்யும். ஆசிய மக்களிடையே இவ்வேறுபாட்டை உறுதிசெய்வது மிக இன்றியமையாதது. ஆகவே அக்குருதிச் சோதனை செய்யப்பட்டதா என்று மருத்துவரிடம் பணிவோடு கேட்பதில் தவறில்லை.

இரண்டாவது, நம் மாகாணத்துக்கே உரிய துயரம். 2009இல் முடிவுற்ற போரின் எறிகணைத் துண்டுகளை இன்றும் உடலிற் சுமந்து வாழ்வோர் நம்மிடையே உளர். சிலர் அதனைச் சொல்லத் தயங்குவர். சிலர் மறந்தே போயிருப்பர். எம். ஆர். ஐ. கருவியின் காந்தம் உடலினுள் இருக்கும் இரும்புத் துண்டை அசைக்கவோ சூடாக்கவோ வல்லது; கண்ணருகில் இருந்தாற் பார்வையே கெடலாம். எனவே உடலில் உலோகத் துண்டு உண்டென்றோ, இருக்கக்கூடுமென்றோ அறிந்தவர், அறையினுள் செல்லுமுன் அதனைத் தெரிவித்தே ஆகவேண்டும். முன்னதாக எக்ஸ் கதிர்ப் படம் எடுத்துப் பார்த்து முடிவுசெய்வார்கள். இதயத் துடிப்புக் கருவி பொருத்தியோரும், கருவுற்றோரும், சிறுநீரக நோயுள்ளோரும் அவ்வாறே முன்கூட்டித் தெரிவிக்கவேண்டும். கடோலினியம் எல்லோருக்கும் எந்நேரமும் ஏற்றப்படுவதன்று.

நேயர்களே, இவ்வரலாற்றில் மூன்று சான்றுகளைக் கண்டோம். நோயாளி தாமே எழுதிய குறிப்பு ஒன்று. மருத்துவர் தொட்டும் தட்டியும் நடக்கவிட்டும் அறிந்த குறி மற்றொன்று. கருவி காட்டும் படம் மூன்றாவது. மூன்றாவது வந்ததனால் முன்னையவை இரண்டும் பழுதாகிவிடவில்லை. நெடுநேரம் காத்திருந்து, மருத்துவர் முன் சில நிமிடங்களே அமரும் நோயாளி, கடந்த ஆண்டில் எந்த மாதம் கண் மங்கிற்று, எத்தனை நாளில் தெளிந்தது, எந்தக் கால் முதலில் மரத்தது என்பவற்றைத் தமிழிலேயே ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு சென்றால், அது படத்துக்கு ஒளியூட்டும்.

படத்தின் தட்டையும் அறிக்கையையும் ஆண்டுவாரியாகப் பாதுகாத்து வையுங்கள். ஒப்பிடுவதற்குப் பழைய படம் இல்லையேல் புதிய படம் பாதிப் பேச்சே பேசும். இயலுமாயின் ஒரே நிலையத்தில், ஒரே வகைக் கருவியிற் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்: முன்னைய படத்துக்குப்பின் புதிய தழும்பு உண்டா? இருப்பவற்றுள் எதுவேனும் ஒளிர்கின்றதா? முண்ணாணும் பார்க்கப்பட்டதா? இந்தப் படத்தினால் என் சிகிச்சையில் மாற்றம் வேண்டுமா? இந்நான்குக்கும் விடை கிடைத்தபின், அறிக்கையின் எஞ்சிய ஆங்கிலச் சொற்கள் அத்துணை அச்சம் தருவதில்லை.

அறிக்கையை விளங்கிக்கொள்ள உதவும் ஆசிரியர்களுக்கும் உறவினர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அகராதியைத் திறந்து சொல்லுக்குச் சொல் வாசித்துக் காட்டி முகத்தைச் சுருக்காதீர்கள். முதலில் அறிக்கையின் தேதியைப் பாருங்கள்; அடுத்து ஒப்பீட்டு வாக்கியம் இருக்கின்றதா என்று தேடுங்கள்; பின்னர் எதிரே அமர்ந்திருப்பவரிடம், 'இப்போது உங்களுக்கு எப்படி இருக்கின்றது?' என்று கேளுங்கள். அக்கேள்விக்குரிய விடை அந்தக் கடதாசியில் எங்கும் எழுதப்பட்டிருப்பதில்லை.